வரி முறிப்பு: அல்காரிதத்தை மாற்றுவதா, முறிக்கும் இடங்களைக் கூட்டுவதா?

பத்தியை இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே குளம் குளமாக வெள்ளை விழுகிறது. நூல் வடிவமைக்கும் ஒரு மென்பொருளில் வேலை பார்த்தபோது என் மேசைக்கு அதிகம் வந்த புகார் இதுதான். பக்கத்தை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து அச்சிடும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரு வரியில் மூன்றே சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அதற்கு அடுத்த வரியில் மூச்சு முட்டுகிற நெருக்கம்.

வரியை எங்கே முடித்து அடுத்த வரிக்குப் போவது என்று தீர்மானிக்கும் செய்முறை, அதாவது வரி முறிக்கும் அல்காரிதம், பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். எதற்கு மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் முழுப்பத்தி முறையின் பக்கம் நின்றேன். நின்றது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. அந்தக் கதைக்கு முன் ஒவ்வொரு வழியும் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெரும்பாலான மென்பொருள்களில் இருப்பது பேராசை முறை. பெயர் கொஞ்சம் கடுமை, ஆனால் பொருத்தமானது. வரியில் எத்தனை சொல் கொள்ளுமோ அத்தனையையும் வாரிப் போட்டுக்கொள்ளும். கொள்ளாத முதல் சொல் அடுத்த வரிக்குப் போகும். பின்னால் வரும் வரியின் கதி என்ன என்று அது திரும்பிப் பார்க்காது. எழுதுவது எளிது, ஓட்டமும் வேகம். இன்னொரு நல்ல குணமும் உண்டு: ஒரு பத்தியை இதைவிடக் குறைந்த வரிகளில் எந்த அல்காரிதத்தாலும் அடக்க முடியாது. காகிதச் செலவு மட்டுமே கணக்கென்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

குறை எங்கே என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொள்வோம். வரிக்குப் பத்து எழுத்து இடம், இடைவெளிக்கு ஒன்று. வாக்கியம்: ‘மழை நின்ற பிறகு ஒரு நாடோடிக்கூட்டம் வந்தது.’ முற்றுப்புள்ளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேராசை முறை இப்படி அடுக்கும்:

மழை நின்ற பிறகு
ஒரு
நாடோடிக்கூட்டம்
வந்தது

முதல் வரி கச்சிதம், பத்துக்குப் பத்து. அந்தக் கச்சிதத்துக்கான விலையை இரண்டாவது வரி கொடுக்கிறது: ‘ஒரு’ மட்டும் தனியாக நிற்க, எட்டு இடம் காலி. இதையே இப்படியும் அடுக்கலாம்:

மழை நின்ற
பிறகு ஒரு
நாடோடிக்கூட்டம்
வந்தது

இப்போது முதல் இரண்டு வரிகளிலும் நாலு நாலு இடம் காலி. கடைசி வரி எங்கே முடிந்தாலும் பரவாயில்லை, அதை விட்டுவிடுவோம். மீதி மூன்று வரிகளில் காலி இடத்தைக் கூட்டினால் முதல் அடுக்கில் 0 + 8 + 2 = 10. இரண்டாவதில் 4 + 4 + 2 = 10. அதாவது வெறுமனே கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. காலி இடத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால்தான் வேறுபாடு வெளியே வரும்: முதலாவது 0 + 64 + 4 = 68, இரண்டாவது 16 + 16 + 4 = 36. நாலு சின்னக் குறையைவிட ஒரு பெரிய குறைதான் கண்ணை உறுத்தும் என்பதை இந்த வர்க்கம் கணக்கில் கொண்டுவருகிறது. வரி முறிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அல்காரிதத்தின் பெயரையே சுற்றிச் சுற்றி வருவார்கள். எதைக் குறை என்று எண்ணுகிறோம், அதை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முழுப்பத்தி முறை இந்தக் கணக்கைப் பத்தி முழுவதற்கும் போட்டுப் பார்க்கிறது. டொனால்ட் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. கனூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறது. நூறு சொல் உள்ள பத்தியில் 99 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் முறிக்கலாம் அல்லது விடலாம் என்றால் 2-இன் 99-ஆம் அடுக்கு வழிகள். எல்லாவற்றையும் எந்தக் கணினியாலும் சோதித்து முடிக்க முடியாது, தேவையும் இல்லை. ‘இந்த இடத்தில் முறிப்பதாக இருந்தால், இதுவரைக்குமான மிகச் சிறந்த அடுக்கு எது’ என்ற ஒரே விடையை ஒவ்வொரு இடத்துக்கும் குறித்து வைத்துக்கொண்டே போனால் போதும். பத்தி முடிந்ததும் பின்னோக்கி நடந்தால் வழி தெரிந்துவிடும். நடைமுறையில் ஒரு சமயத்தில் சில இடங்கள் மட்டுமே போட்டியில் நிற்கும், அதனால் பயந்த அளவுக்கு நேரம் பிடிப்பதில்லை.

அவர்கள் அளக்கும் விதமும் தனி. சொல் ஒரு பெட்டி. இடைவெளி ஒரு பசை: இயல்பான அளவு ஒன்று, விரியும் அளவு ஒன்று, சுருங்கும் அளவு ஒன்று. முறிக்கத் தகுந்த இடத்துக்கு ஒரு அபராதம். டெக்குக்கென்று கனூத் வரைந்த எழுத்துருவில் 10 புள்ளி அளவுக்கு இடைவெளி 3.33 புள்ளி (புள்ளி என்பது அச்சில் நீளத்தை அளக்கும் அலகு). அது 1.67 விரியலாம், 1.11 சுருங்கலாம். வரியை நிரப்பத் தேவைப்படும் விரிவை, இருக்கிற விரிவால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதன் கனத்தை, அதாவது மும்மடியை, நூறால் பெருக்கினால் அந்த வரியின் கெடுதி. விகிதம் 0.5 என்றால் கெடுதி சுமார் 12, விகிதம் 1 என்றால் 100, விகிதம் 2 என்றால் 800. இந்தக் கெடுதியோடு வரிக்கு 10 சேர்த்து வர்க்கமாக்குவார்கள்.

ஒரு வரி கச்சிதமாகவும் அடுத்தது விகிதம் 1 ஆகவும் இருந்தால் 100 + 12100 = 12200. இரண்டும் 0.5-ஆக இருந்தால் 484 + 484 = 968. பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். போதாததற்கு, நெருக்கமான வரிக்குப் பக்கத்திலேயே தளர்ந்த வரி வந்தால் டெக்கின் இயல்பான அமைப்பில் தனியாக 10000 அபராதம் வேறு. என் மேசைக்கு வந்த புகார் அச்சு அசல் இதுதான் என்பதால், இந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரி, இவ்வளவு நல்ல முறையை எல்லோரும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? சோம்பேறித்தனம் ஒரு காரணம்தான், ஆனால் நியாயமான காரணங்களும் இருக்கின்றன.

முதலாவது, தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இது கண்ணைப் படுத்தும். பத்தியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்க்கிறீர்கள். முழுப்பத்தி முறை திரும்பக் கணக்குப் போட்டு, இப்போது மேலே இரண்டாவது வரியை வேறு இடத்தில் முறித்தால்தான் மொத்தம் நன்றாக வரும் என்று முடிவெடுக்கிறது. எழுதி முடித்த வரிகள் கண்ணெதிரே நகர்கின்றன. பேராசை முறையில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. திருத்திய இடத்துக்கு முந்தைய வரியிலிருந்து மறுபடி ஓட்டினால் போதும். புதிய முறிவு ஒன்று பழைய முறிவோடு ஒத்துப்போன உடனே நிறுத்திவிடலாம், அதற்குக் கீழே எதுவும் மாறாது.

இரண்டாவது, வரியின் அகலம் முன்கூட்டியே தெரிய வேண்டும். பத்தியின் பக்கத்தில் படம் இருந்தால் எத்தனையாவது வரி வரைக்கும் குறுகலான அகலம் என்று தெரிந்தாக வேண்டும். வரிகளின் உயரம் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் இடங்களில் படத்தின் நிலை வரியைப் பொறுத்தது, வரி படத்தின் நிலையைப் பொறுத்தது. கோழியா முட்டையா கதை. வரியாக இறங்கிக்கொண்டே போகும் பேராசை முறைக்கு இது பெரிய தலைவலி ஆவதில்லை.

அதனால்தான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இடம் பார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 மூன்று உத்திகளைக் கொடுத்தது: எளியது, உயர்தரமானது, சமன்படுத்துவது. திருத்தும் பெட்டிகளுக்கு இயல்பாக எளியதே, காரணம் மேலே சொன்ன நகரும் வரிகள்தான். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒரு வரியை மட்டும் பார்க்கும் முறையும் உண்டு, பத்தி முழுவதையும் பார்க்கும் முறையும் உண்டு. டைப்ஸ்ட் மென்பொருளில் இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் முழுப்பத்திக் கணக்கு, இல்லாவிட்டால் எளிய முறை. இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். வலது ஓரத்தை அப்படியே விட்டால் இடைவெளி விரிவதே இல்லை, அப்போது குறையும் அவ்வளவாகத் தெரியாது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. இணைய உலாவிகள் அதில்தான் போகின்றன. இணையப் பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் டெக்ஸ்ட்-ரேப் என்ற பண்புக்கு இப்போது பேலன்ஸ், பிரிட்டி என்ற மதிப்புகளும் உண்டு. பேலன்ஸ் தலைப்புகளுக்கானது. எல்லா வரிகளையும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் கொண்டுவரும். வேலை கூடுதல் என்பதால் குரோம் இதை ஆறு வரிக்குள்ளும் ஃபயர்ஃபாக்ஸ் பத்து வரிக்குள்ளும் நிறுத்திக்கொள்கின்றன. பிரிட்டி பத்திகளுக்கு. 2023-இல் குரோமில் வந்தபோது அது பத்தியின் கடைசி நாலு வரிகளை மட்டும் பார்த்து, ஒற்றைச் சொல் தனியாகத் தொங்காமல் பார்த்துக்கொண்டது. மேலே உள்ள வரிகள் பழையபடி பேராசைதான். தொங்கும் சொல் மட்டுமே உங்கள் புகார் என்றால் இதுவே தாராளம். என் புகார் அது இல்லை.

முழுப்பத்தி முறையை எழுதிச் சேர்த்தேன். ஆங்கிலப் பத்தி ஒன்றை விட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. அப்புறம் புகார் வந்த அந்தத் தமிழ்ப் பக்கத்தை எடுத்தேன். முன்பு இருந்ததற்கும் இப்போதுக்கும் ஏதோ இரண்டு வரி மாறியிருந்தது. குளங்கள் அப்படியே இருந்தன. நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

பிழை இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரியின் அகலம் 200 புள்ளி. தமிழ்ச் சொற்கள் நீளம். வேற்றுமை உருபு, துணைவினை, ‘உம்’, ‘எல்லாம்’ என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஒரு வரியில் மூன்று சொல் கொண்டால் பெரிது. மூன்று சொல்லுக்கு நடுவே இரண்டே இடைவெளி. இரண்டும் சேர்ந்து விரியக்கூடியது 3.3 புள்ளி. வரியில் 20 புள்ளி காலி என்றால் விகிதம் 6, அதன் கனம் 216, கெடுதி 21600. டெக் 10000-க்கு மேல் எண்ணுவதே இல்லை, அதையே முடிவிலியாக வைத்துக்கொள்ளும். மாற்று வழிகளைப் பார்த்தால் அங்கேயும் முடிவிலி. எல்லாமே முடிவிலி என்றால் எதில் எது சிறந்தது என்று எந்த அல்காரிதம் சொல்லும்? தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் நான் ஒரு நல்ல தேர்வாளரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன்.

ஆக, எங்கள் பேச்சில் வராத நாலாவது வழிதான் முதலில் தேவைப்பட்டது: முறிக்கத் தகுந்த இடங்களைக் கூட்டுவது. அதாவது, சொல்லுக்குள்ளேயும் முறிப்பது.

ஆங்கிலத்துக்கு இந்த வேலையை ஃபிராங்க் லியாங் 1983-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் தீர்த்துவைத்தார். சொற்களுக்குள் எழுத்துக் கோவைகளைப் பார்த்து இங்கே முறிக்கலாம், இங்கே கூடாது என்று சொல்லும் 4447 வடிவங்கள் டெக்கோடு வந்தன. ஆங்கில எழுத்துக்கூட்டு ஒழுங்கில்லாதது, அதனால் அத்தனை வேண்டியிருந்தது. தமிழுக்கு அவ்வளவு தேவையில்லை. எழுத்தமைப்பே பெரும்பாலான எல்லைகளைச் சொல்லிவிடுகிறது.

விதிகள் சுருக்கம். ஓர் எழுத்தை அதன் உயிர்க்குறியிலிருந்து பிரிக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். யூனிகோடில் ‘கா’ என்பது இரண்டு குறிகள். குறி குறியாக எண்ணி முறிக்கும் நிரலில் வரிக் கடைசியில் ‘க’ நிற்கும், அடுத்த வரி புள்ளி வட்டத்தோடு ஒரு காலில் தொடங்கும். அச்சாகிவந்த பக்கத்திலேயே நான் இதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ‘தமி’ இங்கே, ‘ழ்’ அங்கே என்று போனால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். மூன்றாவது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும்.

‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு எழுத்து. பேராசை முறைக்கும் சரி, முழுப்பத்தி முறைக்கும் சரி, இதுவரை இது ஒற்றைப் பாறாங்கல். விதிகளைப் போட்டால் இப்படிப் பிரிகிறது: வந்|து|கொண்|டி|ருந்|த|வர்|க|ளுக்|கெல்|லாம். பாறாங்கல்லில் பத்து விரிசல். இதைச் சேர்த்துவிட்டு, ஆர்வக்கோளாறில், பழைய பேராசை முறையையே ஓட்டிப் பார்த்தேன். குளங்களில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. அல்காரிதத்தில் ஒரு வரிகூட மாற்றாமல்!

அப்படியானால் முழுப்பத்தி முறையே வேண்டாமா என்றால், இங்கேதான் அது தன் சம்பளத்துக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. பத்து விரிசலும் ஒரே தரமில்லை. ‘வந்து’ என்ற இடத்தில் முறித்தால் கண் உறுத்தாது. ‘இருந்தவர்’ என்று முடிந்து ‘களுக்கெல்லாம்’ என்று தொடங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். ‘வந்துகொண்டிருந்தவர்க’ என்று தொங்கினால் எரிச்சல் வரும். பேராசை முறைக்கு இந்தத் தராதரம் தெரியாது. வரியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் அடைத்து, கடைசி விரிசலில் வெட்டும். ஒவ்வொரு வரியிலும் வெட்ட இடம் கிடைப்பதால் ஒவ்வொரு வரியையும் வெட்டும். முழுப்பத்தி முறையில் ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு விலை வைக்கலாம்: உருபு எல்லையில் குறைவு, நடுவில் கூடுதல், அடுத்தடுத்த இரண்டு வரிகள் உடைந்த சொல்லில் முடிந்தால் இன்னும் கூடுதல். டெக்கில் இந்தக் கடைசி அபராதமும் 10000 தான்.

இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்போம். ‘தாமரை’ தனிமொழியாக நின்றால் பூ, ‘தா’, ‘மரை’ என்று பிரிந்தால் தாவும் மான். வரிக் கடைசியில் இந்த விபத்து நடக்கலாம். இரண்டெழுத்து விதி ‘தாமரை’யையும் ‘பலகை’யையும் காப்பாற்றிவிடும். நீண்ட சொற்களின் நடுவில் நடப்பதற்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பட்டியல் ஒருநாளும் முடியாது, அதைப் பற்றி வருத்தமும் வேண்டாம்.

முறித்த இடத்தில் சிறுகோடு போடுவதா என்ற சண்டையும் வரும். கோடு போடாமலே சொல்லை முறிக்கும் வழக்கம் தமிழ் அச்சில் உண்டு. என் வாக்கு அதற்குத்தான். கோடும் இடம் பிடிக்கும், குறுகிய வரியில் அந்த இடம் சும்மா வருவதில்லை. இணையத்தில் இதைச் செய்ய நினைத்து அகலமில்லா இடைவெளிக் குறியைச் சொல்லுக்குள் அள்ளித் தூவாதீர்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பையும் கூடவே போகும். உரையைத் தொடாமல் அடுக்கும் நேரத்தில் மட்டும் முறிவிடங்களைக் கண்டுபிடிப்பதே சரி.

எழுத்தையே கொஞ்சம் விரித்துச் சுருக்குவது இன்னொரு வழி. எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் முன்னெடுத்த ஹெச்இசட் நிரலும், பிறகு ஹான் தெ தான் என்பவர் டெக்கின் ஒரு வடிவமான பிடிஎஃப்டெக்கில் சேர்த்த வசதிகளும் இதைச் செய்தன. 200 புள்ளி வரியை 2 சதவீதம் விரித்தால் 4 புள்ளி. இரண்டு இடைவெளியும் சேர்ந்து தரும் 3.3-ஐவிட இது அதிகம் என்பதால் தமிழுக்கு ஆசை காட்டும் வழிதான். ஆனால் இது கடைசி மெருகு. முறிவிடங்கள் இல்லாமல் இதை மட்டும் வைத்து 20 புள்ளிப் பள்ளத்தை மூட முடியாது.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு வரிசை சார்ந்தது. தமிழ் முறிவிதிகள் முதலில், எல்லா இடத்துக்கும். முழுப்பத்தி முறை பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும், அதுவும் இரு ஓரமும் சமமாக நிற்கும் பத்திகளுக்கு மட்டும். திருத்தும் திரையில் பேராசை முறை அப்படியே. தலைப்புகளுக்குச் சமன்படுத்தும் கணக்கு, அது அரைநாள் வேலை. உங்கள் மென்பொருளில் அகலமான வரிகள் மட்டுமே வருமென்றால், வரிக்கு ஏழெட்டுச் சொல் கொள்ளுமென்றால், வரிசையைத் திருப்பிப் போடுங்கள். அங்கே பசைக்கு விரிய இடமிருக்கிறது, சொல்லை உடைக்காமலே முழுப்பத்தி முறை நல்ல பலன் தரும்.

இதில் ஒரு சங்கடம் பாக்கி நிற்கிறது. திரையில் ஒரு முறை, அச்சில் ஒரு முறை என்றால் இரண்டிலும் வரிகள் ஒத்துப்போகாது. கடைசி வரியைப் பக்கத்துக்குள் அடக்க ஒரு சொல்லை வெட்டிவிட்டு நிம்மதியாக ஏற்றுமதிப் பொத்தானை அழுத்துகிறவர், வெட்டியது வீண் என்று பிடிஎஃப்பில் கண்டுபிடிப்பார். இப்போதைக்கு ‘அச்சுப் பார்வை’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். அதை அழுத்தினால் முழுப்பத்திக் கணக்கு ஓடும், தட்டச்சு செய்யத் தொடங்கினால் பழைய முறைக்குத் திரும்பும். முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்டார்: ‘இந்தப் பொத்தானை எப்போதும் அழுத்தியபடியே வைக்க வழியில்லையா?’